கச்சேரிப் பதிவா, ஸ்டூடியோப் பதிவா, நேரில் கேட்பதா: மாணவர்களுக்கு எதைக் கொடுப்பது?

மல்லேஸ்வரம்_வில்

பெங்களூரில் ராமநவமிக் கச்சேரிகள் முடிந்து, சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தலைப் பிரித்தாகிவிட்டது. 1939 முதல் ஸ்ரீராமசேவா மண்டலி நடத்திவரும் அந்தக் கச்சேரிகளில்தான் நம்மில் பலர் பெரிய வித்வான்களை முதன்முதலாகக் கேட்டோம். இப்போது நம்மிடம் படிக்கிற பிள்ளைகளும் அங்கேயே உட்கார்ந்து கேட்கிறார்கள். அடுத்த ஆண்டு வரை எதைக் கேட்டுக் காதைப் பழக்கிக்கொள்வது என்பது அவர்களுடைய கேள்வி. மேடையில் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் தமக்குப் பிடித்த ஒலிப்பதிவுகளைச் சொன்னால், அவற்றைத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு நிபந்தனை உண்டு. ஸ்டூடியோப் பதிவுகள் வேண்டாம். ரசிகர்கள் எதிரில் நடந்த கச்சேரிகளின் பதிவுகள் மட்டும் போதும். பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடத்துக்கு மேல் அடங்காது. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் ‘வாசுதேவயனி’ தட்டு எத்தனை பேரைப் பாட்டின் பக்கம் இழுத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்யாணி ராகம் நிதானமாக எப்படி விரிகிறது என்பது அந்த அளவுக்குள் ஒரு மாணவனுக்குப் பிடிபடாது. இன்றைய ஸ்டூடியோவோ இன்னும் மோசம். பாடகர் ஒரு நாள் பாடிவிட்டுப் போய்விடுகிறார். வயலின்காரர் பிறகு தனியாக வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாடகரின் ஆலாபனையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு வாசிக்கிறார். நானும் அப்படி வாசித்திருக்கிறேன், கூலியும் வாங்கியிருக்கிறேன். பக்கவாத்தியம் என்பதே அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் தொடர்ந்து போவதுதான். அது தெரிந்துவிட்ட பிறகு அங்கே பக்கவாத்தியம் இல்லை, நிழல்தான் இருக்கிறது.

என் பங்குக்கு மதுரை மணி ஐயரின் கச்சேரி நாடாக்களில் எது கிடைத்தாலும் கொடுப்பேன். அந்தச் சர்வலகு ஸ்வரங்கள், அதாவது கணக்குச் சிக்கல் இல்லாமல் இயல்பாக ஓடும் ஸ்வரங்கள், மிருதங்கத்தின் நடையோடு ஒட்டிக்கொண்டு ஆவர்த்தனத்துக்கு மேல் ஆவர்த்தனமாகப் போய்க்கொண்டிருக்கையில், ரசிகர்களின் சிரிப்பும் ‘பலே’யும் நடுவில் கேட்கின்றன, வயலின் அவரை எட்டிப் பிடிப்பதும், ஓரிடத்தில் விட்டுக்கொடுப்பதும் கேட்கின்றன. இந்த விட்டுக்கொடுத்தலை எந்த ஸ்டூடியோப் பதிவும் என் மாணவனுக்குச் சொல்லித் தரவில்லை.

சுருள்நாடா

ஜயநகரில் என் வீட்டு அறை ஒன்று முழுவதும் ஸ்பூல்களாலும் தட்டுகளாலும் நிறைந்திருக்கிறது. சபாக்களுக்கு ஒலிப்பதிவு செய்து கொடுப்பதும் என் தொழில். அதனால் நான் இந்த நிபந்தனையை ஆதரிப்பேன் என்று நண்பர் எதிர்பார்த்திருப்பார், நான் எதிர்க்கிறேன்.

முதலாவது, மூன்று நிமிடத் தட்டைக் குறுக்கிய கச்சேரி என்று பார்ப்பதே சரியில்லை. அது தனி வடிவம். மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டிய அந்தக் காலத்தில் ஒட்டுப்போட வழியில்லை. தவறினால் முதலிலிருந்து மறுபடி பாடவேண்டும். ஆகவே எதைச் சொல்வது, எதை விடுவது என்று வித்வான்கள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு வந்தார்கள். நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டவர் எவரும் அதில் தோடி முழுமையாக இல்லை என்று சொல்ல மாட்டார். மூன்று நிமிடத்தில் ஒரு ராகத்தை நிறுத்திக் காட்டத் தெரியாதவருக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தால் மட்டும் வந்துவிடுமா? இன்றைய பிள்ளைகளுக்கு நீளமாகப் பாடும் பாடம் தேவையான அளவுக்கு, சுருக்கிப் பாடும் பாடமும் தேவை.

இரண்டாவது, ஸ்டூடியோவிலும் கச்சேரி நடக்கும். ராமநாதபுரம் கிருஷ்ணன் அமெரிக்காவில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் பாடி, 1968இல் நான்சச் நிறுவனம் வெளியிட்ட ‘வித்வான்’ என்ற நீள் இசைத்தட்டைக் கேளுங்கள். கடலுக்கு அப்பால், சபா ரசிகர்கள் இல்லாமல், வி. தியாகராஜன் வயலினோடும் டி. ரங்கநாதன் மிருதங்கத்தோடும் வி. நாகராஜன் கஞ்சிராவோடும் பாடியது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு பாடியிருக்கிறார்கள். தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டுவதுதான் உங்கள் குறை என்றால் அதைச் சொல்லுங்கள். நான்கு சுவர்களின் மேல் பழியைப் போட வேண்டாம்.

மூன்றாவது, நீங்கள் உண்மை என்று நம்பும் கச்சேரி நாடா எவ்வளவு பொய் சொல்லும் என்பது என்னைப் போல் அதைச் சுழற்றுகிறவனுக்குத்தான் தெரியும். மின்னழுத்தம் குறைந்த ஊரில், தேய்ந்த ரப்பர்ச் சக்கரத்தோடு மெதுவாக ஓடிய கருவியில் பதிவான நாடாவை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை (ஒரு ஸ்வரஸ்தானம்) கூடிவிடும். காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், அந்த அளவுக்கு ஓட்டம் எடுக்கும். ‘அந்தக் காலத்தில் எவ்வளவு விறுவிறுப்பு’ என்று நாம் வியந்துகொண்டிருக்கும் சில பதிவுகளின் விறுவிறுப்பு கருவியினுடையது, பாடகருடையது அன்று.

அல்சூர்_தோப்பி

இரண்டு பேரும் பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். மிருதங்கம் என்று ஒன்று மேடையில் இருந்ததா, இல்லையா?

குழாயில் பாடிப் பதிவு செய்த ஆரம்பக் காலத் தட்டுகளில் மிருதங்கம் இருக்கிறதா என்றே சந்தேகப்பட வேண்டியிருக்கும்; அந்த முறைக்குத் தாழ்ந்த ஒலியைப் பிடிக்கத் தெரியாது. 1925க்குப் பிறகு மின்முறைப் பதிவு வந்து குரலைக் காப்பாற்றியது, எங்களை அரைகுறையாகத்தான் காப்பாற்றியது. உங்கள் கச்சேரி நாடாக்களில் பெரும்பாலானவை பாடகருக்கு முன்னால் வைத்த ஒற்றை மைக்கிலிருந்து வந்தவை. வலந்தலையின், அதாவது வலப் பக்கத் தோலின், சாப்பு ஒலி கேட்கும். தோப்பியிலிருந்து, அதாவது இடப் பக்கத் தோலிலிருந்து, எழும் கும்கி, உள்ளங்கை அழுத்தத்தோடு வளைந்து ஏறி, பாடகர் நீட்டிப் பிடிக்கும் கார்வைக்குக் கீழே போய் நின்று அதைத் தாங்குவது கேட்காது. அந்த நாடாவையும் மாணவன் எதில் கேட்கிறான்? கைபேசியில். அதன் சிறிய ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் சக்தியே கிடையாது. விளைவு என்ன என்பதை வாரந்தோறும் பார்க்கிறேன்: என்னிடம் வரும் பிள்ளைகள் கோர்வைகளைக் கணக்குப் பிசகாமல் வாசிக்கிறார்கள், இடது கை மரக்கட்டைபோல் விழுகிறது. அவர்கள் கேட்டதே அப்படித்தான்.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக் இருந்தால் வாசிப்பதில்லை என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார் என்பதை எல்லாரும் ஏதோ பெரியவரின் கோபம் என்பதுபோல் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தால் சிரிக்க மாட்டார்கள்.

நான் மாணவனாக இருந்தபோது, என் ஆசிரியருக்குப் பின்னால் தம்புரா போட்டுக்கொண்டு கோட்டை மைதானப் பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு மாலையைச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசி. பகல் முழுவதும் அடித்த வெயிலில் தோப்பியில் பூசிய ரவை காய்ந்து போய், ஆசிரியர் இரண்டு பாட்டுக்கு ஒரு தரம் விரலை நனைத்துத் தடவிக்கொண்டிருந்தார். தோடியில் ‘கத்தனுவாரிகி’ நடந்துகொண்டிருந்தது. தூக்கத்தைத் தள்ளிவிட்டுத் தம்புராவை ஏந்திப் பாடுகிறவனைப் பற்றிய சரணத்தில் நிரவல், அதாவது ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது, தொடங்கிய சிறிது நேரத்தில் காற்றும் மழையும் வந்தன, மின்சாரம் போயிற்று. பாடகர் நிறுத்தவில்லை. பின்வரிசைக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். வயலின்காரர் வில்லை அரைவாசியாக்கினார். என் ஆசிரியர் வலது கையின் ஓசையை அப்படியே உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, பெரும்பாலும் தோப்பியிலேயே நடையை நடத்தினார். பந்தலின் மேல் மழை கொட்டுகிறது. அதற்குள்ளும் ஒவ்வொரு கும்கியும் எனக்குத் தம்புராவின் குடத்தில் அதிர்ந்தது. மேடைக்குப் பக்கத்தில் பதிவு செய்துகொண்டிருந்தவரின் கருவி மின்சாரத்தோடு நின்றுவிட்டது. ஆகவே அந்த நிரவலின் சிறந்த பகுதி எந்த நாடாவிலும் இல்லை.

என் பட்டியல் இதுதான்: மாணவனை மேடைக்கு ஆறு அடி தூரத்தில் உட்கார வையுங்கள். கைபேசியை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஒயிட்ஃபீல்டு_வீணை

பெரியவர்களுக்கு வணக்கம். மேடைக்கு ஆறு அடி தூரம் என்கிறார் ஐயா. எனக்கும் மேடைக்கும் நடுவில் வெளிவட்டச் சாலை இருக்கிறது. மாலை ஆறரைக்குச் சாமராஜபேட்டையில் தொடங்கும் கச்சேரிக்கு வேலை நாளில் ஒயிட்ஃபீல்டிலிருந்து கிளம்பினால், சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வந்து சேரும்போது பெரும்பாலும் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் முடிந்து, கடைசியில் வரும் துக்கடா நடந்துகொண்டிருக்கும். அலுவலக வண்டியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டதுதான் என் கேள்வி ஞானத்தில் பாதிக்கு மேல். அதை நான் குறைவாக நினைக்கவில்லை.

நேரில் கேட்பது எல்லா வாத்தியத்துக்கும் நியாயம் செய்யும் என்று ஐயா சொல்வதை வீணைக்காரியாக நான் ஏற்க முடியாது. பெரிய அரங்கில் என் வாத்தியத்தின் நாதம் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. அதனால் குடத்தின் மேல் தொடு மைக்கை ஒட்டுகிறார்கள். மீட்டும் விரலின் உரசலும் மெட்டின் மேல் தந்தி தேயும் சத்தமும் பூதாகரமாக வெளியே வருகின்றன, ஒரே மீட்டில் ஐந்து ஸ்வரம் இழுக்கும் நுணுக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது. வீணை தனம்மாள் சென்னையில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். அந்த அறையில் இடம் கிடைத்த சிலர், மிருதங்கம்கூட இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள் என்று படித்திருக்கிறோம். அவர் கொடுத்த சில தட்டுகள் இரைச்சலோடுதான் கிடைக்கின்றன. இருந்தாலும் நள்ளிரவில் அவற்றைக் காதருகே வைத்துக் கேட்கும்போது, ஆயிரம் பேர் உட்காரும் அரங்கைவிட அந்த அறைக்கு நான் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது.

என் பங்குக்கு அந்தத் தட்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நிபந்தனையை மீறித்தான்.

ராஜாஜிநகர்_பாட்டு

கும்கி கேட்கிறதா, கேட்கவில்லையா என்பதைவிடப் பெரிய சங்கடம் வேறு இருக்கிறது. அதைப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர்கள்தான் அனுபவிக்கிறோம். ஒலிப்பதிவு மாறாது. கேட்கிற பிள்ளை அதே ஆலாபனையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. பாடகருக்கு அந்தக் கணத்தில் தோன்றி, அடுத்த கச்சேரியில் அவரே பாடாத பிடி (ஸ்வரக் கோவை) ஒன்று, இந்தப் பிள்ளைக்கு ராகத்தின் இலக்கணமாக ஆகிவிடுகிறது.

சென்ற மாதம் என்னிடம் வந்த பெண் காம்போதி பாடினாள். நன்றாகத்தான் இருந்தது. மேல் ஸட்ஜத்துக்குப் போகும் முன்னால் ஓரிடத்தில் நிறுத்தினாள். நீளமான நிறுத்தம், கார்வையும் இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. ஏன் என்று கேட்டேன். பதிவில் அப்படித்தான் இருக்கிறது என்றாள். பதிவைப் போடச் சொல்லிக் கேட்டேன். பாடகர் அந்த இடத்தில் நிறுத்தியது, பின்னால் தம்புராவில் ஒரு தந்தி இறங்கிவிட்டதால். கவனித்துக் கேட்டால் பிருடையைத் திருகுவதும் தந்தி மேலே ஏறுவதும் காதில் விழுகின்றன. தந்தி சேர்ந்த பிறகு அவர் தொடர்கிறார். அந்தப் பெண் தம்புராவின் பழுதைக் காம்போதியின் அழகாகப் பாடம் செய்து வைத்திருந்தாள்.

ஒரே முறை நேரில் கேட்கும்போது இது நடக்காது. வீட்டுக்கு வந்து சேரும்போது சாரம்தான் மிஞ்சியிருக்கும். மற்றதை நம் குரலுக்கு ஏற்றபடி நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். பாணி என்பது அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் குரலைக் கேட்க நமக்கு ஒரு தட்டுகூட இல்லை. அதனால் அவருடைய லய வழியும் பல்லவி வழியும் அழிந்தா போயின? சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை வழியாக வந்தது. பாடகிச் சகோதரிகள் பிருந்தாவும் முக்தாவும் நாயனா பிள்ளையிடம் கற்ற கிருதிகளைப் பாடினார்கள். கேட்டுக் கற்றவர்கள் இருந்தார்கள், அதனால் வந்தது.

என்னிடம் கற்கும் பிள்ளைகள் வர்ணம் முடித்துப் பத்துப் பதினைந்து கிருதிகள் வசப்படும் வரை, தாங்கள் கற்றுக்கொண்டிருக்கும் கிருதியின் ஒலிப்பதிவை யாருடையதானாலும் கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். பெற்றோர்கள் முணுமுணுக்கிறார்கள், நான் மாற்றவில்லை.

சுருள்நாடா

நாயனா பிள்ளையை எடுத்ததால் நான் எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுக்கிறேன். 1933இல், முப்பது வயதுகூட நிறையாமல் போய்விட்டவர். நாடக மேடையில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தவருக்கு உட்கார்ந்து சிஷ்யர்களைத் தயார் செய்ய ஆயுள் ஏது? அந்தக் குரலின் எட்டாத உயரத்தை, ‘எவரனி’யிலும் ‘கோடையிலே இளைப்பாற்றி’யிலும் அது மின்னலாகப் போய்வரும் வேகத்தை, தட்டு இல்லாவிட்டால் எந்த சிஷ்யர் நமக்குக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்? சிஷ்யர் பரம்பரை வாய்த்தவருக்கு உங்கள் வழி போதும் அம்மா. வாய்க்காதவர்கள் நிறையப் பேர். மேலும், நாயனா பிள்ளையின் வழி வந்திருக்கிறது என்கிறீர்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு வழியில் உதிர்ந்தது என்று ஒத்துப் பார்க்க நம்மிடம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அல்சூர் நண்பரின் மழைநாள் நிரவலுக்கு வருகிறேன். அன்று நாடா நின்றுவிட்டது என்பதால்தான் அது இத்தனை காலமும் வளர்ந்துகொண்டு வந்திருக்கிறது என்பது என் எண்ணம். இது சண்டைக்காகச் சொல்வது அன்று. இந்த ஊரின் மூத்த ரசிகர் ஒருவர், தாம் இளமையில் கேட்ட சங்கராபரணம் ஒன்றைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லிவந்தார். ஆலாபனை மட்டும் ஒரு மணி நேரம் என்பார். அந்தக் கச்சேரியின் நாடா எனக்குக் கிடைத்தது. ஆலாபனை 22 நிமிடம். மிக அருமையான 22 நிமிடம். அவரிடம் போட்டுக் காட்டினேன். இது வேறு கச்சேரியாக இருக்கும் என்றார்.

அல்சூர்_தோப்பி

நான் நேரத்தைச் சொல்லவில்லை, நாதத்தைச் சொன்னேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு கச்சேரி கேட்கிறவர் இதைத்தான் கேட்பார்.

மல்லேஸ்வரம்_வில்

சுருள்நாடா சொன்ன ஒன்றை முதலில் தீர்த்துவிடுகிறேன். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, வெட்டாமல் ஒட்டாமல் பதிவானது எதுவானாலும் அதைக் கச்சேரியாகவே எடுத்துக்கொள்கிறேன். ராமநாதபுரம் கிருஷ்ணனின் தட்டு பட்டியலில் இருக்கட்டும். தனம்மாளின் தட்டுகளும் அப்படியே. மற்ற மூன்று நிமிடத் தட்டுகளைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அவை வித்வான்களுக்குப் பாடம், மாணவர்களுக்கு அல்ல.

அல்சூர் நண்பரிடம்தான் எனக்குப் பெரிய வழக்கு. நேரில் கேளுங்கள், நேரில் கேளுங்கள் என்கிறார். இன்றைக்கு நேரில் என்ன கேட்கிறோம்? எங்கள் பகுதியில் இருக்கும் சௌடையா நினைவு அரங்கம் 1980இல் திறந்தது. கட்டடமே வயலின் வடிவம். அந்தச் சௌடையா யார்? மைக் இல்லாத காலத்துப் பெருங்கூட்டத்தில் கடைசி வரிசைக்கும் தம் வயலின் கேட்க வேண்டும் என்பதற்காக, நான்கு தந்தியோடு இன்னும் மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலின் வாசித்தவர். நாதத்தைப் பெருக்க வாத்தியத்தையே மாற்றிய மனிதரின் பெயரால் அமைந்த அரங்கில், இப்போது நான் என் வயலினை எதிரில் இருக்கும் மானிட்டர் பெட்டியின் வழியாகத்தான் கேட்டுக்கொள்கிறேன். பாடகர் தம் குரலை ஏற்றச் சொல்கிறார். மிருதங்கக்காரர் தமக்கும் ஏற்றச் சொல்கிறார். ஒலிக் கருவியின் முன் அமர்ந்திருப்பவர் இரண்டையும் ஏற்றுகிறார். மூன்றாவது பாட்டில் காது அடைத்துப்போகிறது. ஆறாவது வரிசையில் இருக்கும் மாணவன் கேட்பது இருபுறமும் தொங்கும் பெட்டிகளை. அவன் வீட்டில் நல்ல ஹெட்போனில் பழைய நாடா கேட்பதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? சொல்லப்போனால் 1960களின் ஒற்றை மைக் நாடாவில், மேடையில் நால்வரும் ஒருவர் ஓசையை ஒருவர் அனுசரித்துக்கொண்ட அளவு அப்படியே பதிந்திருக்கிறது. இன்றைய அரங்கத்தில் அதைத் தீர்மானிப்பவர் கலைஞர் அல்லர்.

அந்த நாள் தோப்பியிலேயே நடத்தினார் என்றீர்களே, உங்கள் ஆசிரியருக்கு அந்த அடக்கம் மின்சாரம் போன பிறகுதானே வந்தது? அது வரைக்கும் மைக்குக்குத்தானே வாசித்துக்கொண்டிருந்தார்?

அல்சூர்_தோப்பி

என் ஆசிரியரைப் பற்றி நான் பேசலாம், நீங்கள் பேசவேண்டாம். ஆனாலும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் என் பக்கத்துக்குத்தான் வாதாடியிருக்கிறீர்கள். மைக் இருந்தவரை அவர் மைக்குக்கு வாசித்தார், போனதும் பாட்டுக்கு வாசித்தார். பாலக்காடு மணி ஐயர் சொன்னதும் அதுதானே? பெட்டி கெடுத்துவிட்டது என்றால் பெட்டியைக் குறையுங்கள். கெட்டுப்போன கேள்விக்குப் பழகிய காதுக்கு, இன்னொரு கெட்டுப்போன கேள்வியை மருந்தாகக் கொடுப்பது என்ன வைத்தியம்?

நம் ஊரில் பெட்டி இல்லாத கச்சேரிகள் இன்னமும் நடக்கின்றன. பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் வீட்டுக் கூடங்களில், கோயில் பிராகாரங்களில், ஆராதனை நாட்களில் முப்பது நாற்பது பேருக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள்கூட மைக் இல்லாமல் பாடுகிறார்கள். அவற்றுக்கு விளம்பரம் இல்லை, பதிவும் இல்லை. 1905இல் ஏற்பட்ட காயன சமாஜம் போன்ற பழைய சபாக்களில்கூட, முன்வரிசையில் பக்கவாட்டில், மிருதங்கத்தின் இடந்தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பெட்டியைத் தாண்டி வாத்தியமே காதில் விழும். அங்கே உட்கார வேண்டும் என்பதைத்தான் நான் என் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்கிறேன். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிற பெண்ணுக்கு நான் சொல்வதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கச்சேரிகள் இருக்கின்றன. சில்க் போர்டு அப்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

ஒயிட்ஃபீல்டு_வீணை

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் வருகிறேன் ஐயா. ஆனால் எம்.டி. ராமநாதனை எந்த ஞாயிற்றுக்கிழமை கேட்பது? அவர் 1984இல் மறைந்தார். நான் பிறக்கவே இல்லை. இருந்த காலத்தில் அந்தத் தாழ்ந்த சுருதியும் மிக நிதானமான விளம்ப காலமும் எல்லாருக்கும் உவப்பாக இல்லை என்று பெரியவர்களே சொல்கிறார்கள். அவர் மறைந்த பிறகு கை மாறி, கேசட் மாறி வந்த தனியார் நாடாக்களால்தான் என் வயதுக்காரர்கள் இத்தனை பேர் அவருக்கு ரசிகர்களாக ஆனோம். ‘சாமஜவரகமனா’வை அவர் எடுக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் விடும் இடைவெளிதான், வீணையில் மீட்டுக்கும் மீட்டுக்கும் இடையில் நாதம் அடங்கும் வரை காத்திருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது. எந்த ஆசிரியரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

பாட்டு டீச்சரம்மாவுக்கு ஒரு பதில். திரும்பத் திரும்பக் கேட்பதுதான் கெடுதல் என்றால், கேட்கும் முறையை மாற்றலாமே. நான் ஓர் ஆலாபனையை ஒரு முறை கேட்டுவிட்டு நிறுத்திவிடுவேன். மறுநாள் நினைவில் இருப்பதை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கேட்பேன். அதே ராகத்தை அதே பாடகர் வெவ்வேறு ஆண்டுகளில் பாடிய நாடாக்களை அடுத்தடுத்துப் போட்டால் எது நிலையானது, எது அன்றைக்குத் தோன்றியது என்பது தானாகப் பிரிந்துவிடும். அந்தத் தம்புராத் தந்தியும் பிரிந்திருக்கும்.

ராஜாஜிநகர்_பாட்டு

முதிர்ந்த கைக்கு இந்த முறை சரியம்மா. பன்னிரண்டு வயதில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எம்.டி.ஆரைச் சொன்னது நல்லதாயிற்று. அவரைப் பதிவில் கேட்டுவிட்டு, அந்த மூச்சும் இல்லாமல், அந்தக் காலப்பிரமாணத்தை உள்ளே நிறுத்திப் பிடிக்கும் லயமும் இல்லாமல், வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு பாடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பாட்டு நடக்காமல் நின்றுவிடுகிறது. வேகம் குறைவது வேறு, விளம்பம் வேறு. நேரில் அவருடைய கை தாளம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த இடைவெளிகள் வெற்றிடம் இல்லை என்பது தெரியும். கேசட்டுக்குக் கை கிடையாது.

மல்லேஸ்வரம்_வில்

இதற்கு மேல் இழுத்தால் அடுத்த ராமநவமியே வந்துவிடும். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் பட்டியலைக் கொடுக்கிறேன். சிறியவர்கள் ராஜாஜிநகர் அம்மாவின் விதிப்படியே இருக்கட்டும். மதுரை மணி ஐயரின் கச்சேரி நாடாக்கள், கிருஷ்ணனின் நீள் இசைத்தட்டு, தனம்மாள், ஒரே கிருதி இரண்டு வெவ்வேறு கச்சேரிகளில் வருமாறு எம்.டி.ஆர்., செம்மங்குடி சீனிவாச ஐயரின் நாடாக்களில் கரகரப்பிரியா விரிவாக இருக்கும் ஏதாவது ஒன்று. என்னிடம் இருக்கும் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் காம்போதிக் கச்சேரியையும் சேர்க்கிறேன். கிட்டப்பா தட்டுகளை ஆசைப்படுகிறவர்கள் தாமாகவே தேடிக் கேட்கட்டும்.

சுருள்நாடா

கிட்டப்பாவை வாசலில் நிறுத்தியதை நான் ஏற்கவில்லை. என் மாணவ நண்பர்களுக்கு நான் தனியாகக் கொடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் காம்போதியை மட்டும் இப்போது அனுப்பாதீர்கள். உங்கள் பிரதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதன் அடியில் மின்சார முரல் தொடர்ந்து கேட்கிறது. நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், அந்தப் பிரதியில் 53க்குப் பக்கத்தில் நிற்கிறது. அதாவது ஏறக்குறைய அரைக் கட்டை மேலே ஓடுகிறது. அந்தக் காலத்து மின்சாரமும் ஒரே சீராக இருந்ததில்லை என்பதால் முரலை மட்டும் நம்பாமல், அதே காலத்து வேறு நாடாக்களில் அவர் வைத்துக்கொண்ட சுருதியோடும் ஒத்துப் பார்த்து, வேகம் குறைத்த பிரதி ஒன்றைத் தயார் செய்து தருகிறேன். எவ்வளவு குறைத்தேன் என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருகிறவர் இன்னொரு முறை ‘சரிசெய்யாமல்’ இருக்க வேண்டுமல்லவா?

அல்சூர்_தோப்பி

சுருதியைச் சரிசெய்யுங்கள். அந்தப் பிரதியில் மிருதங்கம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் அதையும் சொல்லுங்கள். மிருதங்க மாணவர்களுக்கு என் பெயரைச் சொல்லி எந்தப் பட்டியலும் போக வேண்டாம். அவர்களை ஞாயிற்றுக்கிழமை காலை என்னோடு அனுப்புங்கள்.